தாத்தாவின் கன்னத்தில் ஓர் அறை

கொரியாவின் குன்சான் துறைமுகத்துப் பழைய அரிசிக் கிடங்கு அந்த வாரம் காவல் நிலையமாக வேடமிட்டிருந்தது. சுவரில் ஓடாத கடிகாரம். மூலையில் நிலக்கரி அடுப்பு. நடுவில் துருப்பிடித்த இரும்பு மேசை. அதற்கு மேலே, எழுந்து நின்றால் நெற்றியில் இடிக்கும் உயரத்தில், ஒற்றை விளக்கு. ஆறு பெண்களைக் கொன்று நாணற்காட்டுச் சேற்றில் புதைத்தவனை அந்த விளக்கின் கீழே உட்காரவைத்து, அவன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்க வேண்டும். பிடுங்க வேண்டிய துப்பறிவாளன் பியோ இன்தக்.

திரையுலகில் இன்தக்கைப் போல் அடி வாங்கியவன் எவனுமில்லை. கதாநாயகன் கையை ஓங்கினால் பறந்துபோய் மீன்கூடையில் விழுகிறவன் அவன். முதற்காட்சியில் ஆற்றில் மிதக்கும் பிணம் அவன். முப்பத்தெட்டு வயதுவரை மக்கள் அவன் முகத்தைக் கண்டதைவிட முதுகைக் கண்டதே அதிகம். அப்படிப்பட்டவனை அழைத்து, "இந்தப் படத்துல நீ அடி வாங்கல, நீதான் அடிக்கறே" என்றார் இயக்குநர் தோ மியோங்சுக். பெண்ணொருத்தியால் கொலைப்படம் எடுக்க முடியுமா என்று தலைநகரத்துத் தேநீர்க் கடைகளில் கேலி பேசியவர்களுக்கு மறுமொழியாக அவர் எடுக்கவந்த முதல் படம் அது. இன்தக்குக்கு அன்றிரவு உறக்கமே வரவில்லை. கண்ணாடி முன் நின்று, அடிக்கும் மனிதன் எப்படி நிற்பான் என்று பழகிப் பார்த்தான்.

கதையின் கொலைகாரன் யார்? இருட்டிலே பதுங்கும் திருடனா? காட்டிலே திரியும் பித்தனா? இல்லை! ஊரின் பெரிய மாளிகைக்கு வாரிசு. எவன் தெருவில் இறங்கினால் தெருவே எழுந்து நிற்குமோ, எவன் இருமினால் ஊரே பேச்சை நிறுத்துமோ, அவன். காவல்துறை அவன் வாசலுக்குப் பலமுறை சென்றது. சென்றபோதெல்லாம் காலணியைக் கழற்றியது, மண்டியிட்டது, அவன் கொடுத்த தேநீரைக் குடித்தது, குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு வணக்கத்துக்குப் பின்னும் ஊரில் ஒரு பெண் குறைந்தாள். கடைசியில் ஒருவன் மட்டும் வணங்க மறுக்கிறான். விலங்கு மாட்டி இழுத்து வருகிறான். விளக்கின் கீழே உட்கார வைக்கிறான். மாளிகையின் கன்னத்தில் விடுகிறான் ஓர் அறை! அந்த ஓர் அறைக்காகத்தான் படம் முழுவதும்.

கொலைகாரனாக நடித்தவன் காங் சான் என்னும் முப்பத்து மூன்று வயது நாடக நடிகன். பேச்சிலே பட்டாசு, பழக்கத்திலே வெண்ணெய். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று கேட்டால் மட்டும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவான். தலைநகரில் ஒத்திகை நடந்த நாள்களில் இன்தக் அவனை ஆசைதீர அறைந்தான். அறைந்துவிட்டு ஓடிப்போய்க் கன்னத்தைத் தடவுவான்.

"டேய் சான், ரொம்ப வலிச்சுதாடா?"

"இல்லண்ணே. ஒரு கடவாய்ப்பல்லு ஆடிட்டே இருந்துச்சு. டாக்டர் செலவு மிச்சம்."

அறையில் குறையில்லை, குறையெல்லாம் அறை வாங்குகிறவனிடம். இயக்குநர் தலையில் அடித்துக்கொள்வார்.

"சான், நீ ஆறு பேரைக் கொன்னவன்டா! மளிகைக்கடை அண்ணாச்சி மாதிரி சிரிக்காதே."

"மளிகைக்கடைக்காரர் கொலை பண்ணமாட்டாரா மேடம்?"

"உன்னைப் பார்த்தா சிட்டுக்குருவிகூடப் பயப்படாது. பக்கத்துல வந்து பொரி கேக்கும்."

கிடங்கு அந்த ஒரு வாரத்துக்கே வாடகைக்குக் கிடைத்ததால், உச்சக்காட்சியையே முதலில் எடுப்பது என்று முடிவாயிற்று. படப்பிடிப்பின் முதல் நாள் காலை. கேமரா நிலைகொண்டது. சானின் கையில் விலங்கு, உதட்டோரம் சிவப்புச் சாயம். இன்தக் தோல் அங்கியை மாட்டிக்கொண்டு தோளைக் குலுக்கினான். அந்த நேரத்தில்தான் கிடங்கின் வாசலில், பழைய காலத்துப் பெரியவர்கள் அணியும் குதிரைமயிர்த் தொப்பி ஒன்று தெரிந்தது.

தொப்பிக்குக் கீழே அவன் தகப்பனார் பியோ யோங்மோ. ஆந்தோங் பக்கத்து மலையூரிலிருந்து மூன்று பேருந்து மாறி, தோளில் ஆப்பிள் பெட்டியோடு வந்து நின்றார். கூத்தாடிப் பிழைக்கிற மகன் என்று இத்தனை காலமும் முகம் கொடுத்துப் பேசாதவர். மகனுக்குக் காவல் அதிகாரி வேடம் என்று கேள்விப்பட்டதும், பொய்யாகவேனும் அரசு உத்தியோகம் அல்லவா என்று உள்ளம் குளிர்ந்து புறப்பட்டுவிட்டார்.

"அப்பா!" என்று இன்தக் ஓடினான்.

அவர் மகனைப் பார்க்கவில்லை. மகனைத் தாண்டி, விளக்கின் கீழே விலங்கோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். பெட்டி தோளிலிருந்து நழுவியது. ஆப்பிள்கள் கிடங்கெங்கும் உருண்டன. அறுபத்தெட்டு வயது முதியவர், அந்தக் கரிபடிந்த சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி, நெற்றி நிலத்தில் படும்படி விழுந்து வணங்கினார்.

"சித்தப்பா! எங்கே போயிட்டீங்க சித்தப்பா!"

சானின் முகத்தில் சாயம் மட்டுந்தான் சிவப்பாக எஞ்சியது.

"எந்திரி யோங்மோ... எந்திரிப்பா. உடுப்பெல்லாம் கரி."

இன்தக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா, என்ன பண்றீங்க? அவன் கொலைகாரன்!"

"வாயை மூடுடா! நம்ம தலைவீட்டு வாரிசு."

"அவனா?"

"அவனாவா? 'அவரா'ன்னு கேளு! எனக்குச் சித்தப்பா முறை. அப்ப உனக்கு என்ன? தாத்தா! விழுந்து கும்பிடு!"

பியோ குலத்திலே முறையை வயதால் அளப்பதில்லை. குலத்தின் முதல் மூதாதையிலிருந்து எத்தனை படி இறங்கிப் பிறந்தாய் என்பதே கணக்கு. மேற்படியில் பிறந்த குழந்தை தாத்தா. கீழ்ப்படியில் பிறந்த கிழவர் பேரன். அதிலும் தலைவீட்டின் மூத்த வாரிசு என்றால் முளைக்காத மீசையின் முன்னே நரைத்த தாடி தாழும். அவன் கற்றதென்ன என்று கேட்பதில்லை. செய்ததென்ன என்று கேட்பதில்லை. எந்த வாசலில் பிறந்தாய் என்ற ஒரே கேள்வி! அந்தக் கேள்விக்குப் பதிலாய்க் கிடைத்த மரியாதையை மூச்சுமுட்டச் சுமந்த ஒருவன், பதினெட்டு வயதில் சுவரேறிக் குதித்து, பெயரை மாற்றிக்கொண்டு நாடகக் குழுவில் சேர்ந்தான். அவன்தான் காங் சான். ஊர் வைத்த பெயர் பியோ மான்சொக். இன்தக் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவன் மீசை முளைக்காத சிறுவன், அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கண்ணே" என்று சான் தலைகுனிந்தான். "முதல்லயே சொல்லியிருந்தா நீ என்னை அறைஞ்சிருக்கமாட்டே. அதான் சொல்லல. இப்பவும் நான் உனக்குத் தம்பிதான்."

"தம்பியாம்!" என்று கிழவர் நெஞ்சில் கைவைத்தார். "காதால கேக்கவே கூசுது."

"காட்சிக்குப் போகலாமா?" என்றார் இயக்குநர். அவருக்கு வெளிச்சத்தைப் பற்றிய கவலை.

கேமரா ஓடத் தொடங்கியது. இன்தக் பல்லைக் கடித்தான். வலக்கையை ஓங்கினான். ஓங்கிய கையின் முழங்கையைத் தாங்கிக்கொள்ள இடக்கை தானாக எழுந்து வந்தது. பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இரு கைகளாலும் கொடுத்துப் பழகிய உடம்பு, அறையையும் அப்படியே கொடுக்கப் போயிற்று.

"நிறுத்து!" என்று இயக்குநர் கத்தினார். "இன்தக், என்ன அது? நீ அறையறியா, பெரியவங்களுக்குச் சாராயம் ஊத்தறியா?"

கிடங்கு சிரித்தது. இடக்கையைப் பின்னால் வாரோடு சேர்த்துக் கட்டினார்கள். அடுத்த முறை கை சரியாகத்தான் போனது. ஆனால் கன்னத்தைத் தொடும் முன்பே இடுப்பு வளைந்து தலை தாழ்ந்தது. அறைய வந்து வணக்கம் சொன்ன துப்பறிவாளனை உலகம் அன்றுதான் கண்டது. அதற்கடுத்த முறை "உண்மையைச் சொல்லுடா" என்னும் வசனம் "உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்று வந்து விழுந்தது. அதற்கும் அடுத்த முறை, கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசிய வீச்சில் விளக்கு உடைந்தது.

"அண்ணே, அடிண்ணே! நானே சொல்றேன்ல?" என்று சான் கெஞ்சினான்.

மூலை நாற்காலியில் கைகட்டி அமர்ந்திருந்த கிழவர் கனைத்தார். "அவர் பெரிய மனசு பண்ணிச் சொல்றாரு. அதுக்காக நீ அடிச்சிடுவியா? அந்தக் கன்னத்துல உன் கை பட்டுச்சு, அதோட நம்ம வாசப்படிய மறந்துடு."

"யோங்மோ, இது படம்ப்பா."

"படமா இருக்கலாம் சித்தப்பா. கன்னம் உங்க கன்னந்தானே?"

கிழவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று இயக்குநர் கண்ணைக் காட்டினார். விளக்குக்காரர் மிடுக்காக நடந்து சென்றார்; கிழவரின் நரையைக் கண்டதும் குனிந்து வணங்கினார்; கையில் ஓர் ஆப்பிளோடு திரும்பி வந்தார். அடுத்து ஒலிப்பதிவுக்காரர் சென்றார். அவருக்கு இரண்டு ஆப்பிள்கள் கிடைத்தன. இயக்குநர் அந்த ஆப்பிள்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தம் கதையில் மாளிகைக்குப் போன காவலர்களெல்லாம் அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

நண்பகலில் தலைநகரத்துத் தயாரிப்பாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. பேசிவிட்டு வந்த இயக்குநரின் முகத்தில் கேலி இல்லை.

"இன்தக், மறைக்க விரும்பல. ஹீரோ யாங் மாலை ரயில்ல வர்றார். அவர் வந்து இறங்கறதுக்குள்ள இந்தக் காட்சி கிடைச்சா வேஷம் உன்னோடது. கிடைக்கலன்னா அவரோடது."

"எனக்கு?"

"நாற்காலியோட விழற போலீஸ் வேஷம் ஒண்ணு இருக்கு."

இன்தக் தலையாட்டினான். யாங்கை அவன் அறிவான். எவரையும் அறையத் தயங்காத கை. எந்தக் குலத்துத் தாத்தாவும் அந்தக் கைக்கு எட்டாதவரல்லர். பத்தாண்டுக்கு மேலாக அந்தக் கையால் அடிபட்டு மீன்கூடையில் விழுந்தவன் அல்லவா இன்தக்! மறுபடியும் கூடையா? மறுபடியும் முதுகா?

அதற்குள் மோட்டார் சைக்கிளில் தகரப் பெட்டி வந்து இறங்கியது. சீனன் கடைக் கறுப்பு நூடுல்ஸ், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், வெங்காயம். கிடங்கில் இருந்தது ஒரே மேசை. ஆகவே விசாரணை மேசையே விருந்து மேசையாயிற்று. ஆளுக்கொரு கிண்ணம் முன்னே ஆவி பறந்தது. ஆனால் எவர் கையும் நகரவில்லை.

"சித்தப்பா வரட்டும்" என்றார் கிழவர்.

சித்தப்பாவின் உதட்டில் ஒப்பனைக்காரர் சாயம் பூசிக்கொண்டிருந்தார். பூசி முடித்து, விலங்கோடு வந்து அமர்ந்த சான், சூழ்ந்திருந்தவர்களைச் சிரிக்க வைக்க நினைத்து ஒரு நாடகக் கதையை ஆரம்பித்தான். மேடையில் அரசனின் தாடி கழன்று அரசியின் மூக்கில் ஒட்டிய கதை. கதை நீண்டது. நூடுல்ஸ் ஊறியது. ஊறி, உப்பி, கிண்ணத்தின் விளிம்பை எட்டியது. எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அவனுடைய உண்ணும் குச்சி எப்போது எழும் என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

இன்தக் கதையைக் கேட்கவில்லை. மாலை ரயில் எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறு, தலைவனிடம் உத்தரவு கேளாமல் கைகளுக்குக் கட்டளையிட்டது. கைகள் குச்சியைப் பிரித்தன, குழம்பைக் கிளறின, ஒரு பெரிய உருண்டையை வாய்க்குத் தூக்கின. சர்ரென்று உறிஞ்சிய ஓசை கிடங்கின் கூரைவரை சென்றது.

அரசனின் தாடி பாதியிலேயே நின்றது.

இன்தக் நிமிர்ந்தான். எதிரே இருந்தது சான் இல்லை. சிரிப்பு துடைத்தெறியப்பட்ட ஒரு முகம். பாதி தாழ்ந்த இமைகள். தரையில் ஊர்ந்து வந்த எதையோ பார்ப்பதுபோல் அந்தக் கண்கள் அவனைப் பார்த்தன. குரல் உயரவில்லை, உயர வேண்டிய தேவையே அறியாத குரல் அது.

"நான் இன்னும் எடுக்கல."

இன்தக்கின் கழுத்து மயிர் சிலிர்த்தது. ஒத்திகை நடந்த நாள்களில் ஒருமுறைகூடத் தோன்றாத எண்ணம் அப்போது தோன்றியது: இவன் கொல்வான்.

மறுகணம் அந்த முகம் உடைந்தது. சான் விலங்கிட்ட கைகளால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே... இப்ப யாருண்ணே பேசினது?"

"யாரும் அசையாதீங்க!" இயக்குநர் நாற்காலி மேலேயே ஏறி நின்றார். "சான், அதை எங்கேருந்துடா எடுத்தே?"

சான் மெல்லச் சொன்னான். அஞ்சு வயசுப் பையனாக அவன் பந்தியின் முதலிடத்தில் உட்காருவானாம். அவன் குச்சியை எடுக்கும்வரை வெள்ளைத்தாடிப் பெரியவர்கள் அத்தனை பேரும் ஆறிப்போகும் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். "சில நாள் வேணும்னே எடுக்கமாட்டேன் மேடம். அவங்க எச்சில் முழுங்கறதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். அந்தப் பையனுக்குப் பயந்துதான் ஓடி வந்தேன். ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன்னு நினைச்சேன். படுபாவி, கூடவே வந்திருக்கான்."

இயக்குநர் கீழே இறங்கினார். "அறை வேண்டாம்" என்றார். "விலங்கு போட்டவனை அடிக்கறதுல என்ன வீரம்? எந்தப் போலீஸ்காரனும் செய்வான். அடி வாங்கினா இந்த ஆளு தியாகியாயிடுவான். இவனைச் சாதாரண மனுஷனா நடத்து, அதை இவனால தாங்க முடியாது. இன்தக், இவனுக்கு முன்னாடி சாப்பிடு. அவ்வளவுதான். சாப்பிடு! யாராவது அந்தக் கடைக்குப் போன் பண்ணுங்க, புதுசா பத்துக் கிண்ணம்!"

உடைந்த விளக்கை மாற்றினார்கள். புதிய கிண்ணங்கள் வந்தன. இன்தக் மேசைக்கு இப்பால், சான் அப்பால். கேமரா இன்னும் ஓடவில்லை. கிழவர் நாற்காலியை விட்டு எழுந்து மகன் பக்கத்தில் வந்து நின்றார்.

"முன்ன தெரியாம செஞ்சே. பசின்னு மன்னிச்சுட்டேன். இப்பத் தெரிஞ்சே செய்வியா?"

அதுதான் கேள்வி. மறதியாய்ச் செய்வதற்குத் துணிவு வேண்டியதில்லை. அறிந்து செய்வதற்கு வேண்டும். முன்பு காற்றாய் இருந்த குச்சிகள் இப்போது கடப்பாரையாய்க் கனத்தன. பேசாமல் எழுந்து போய் நாற்காலியோடு விழும் வேடத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் வாசற்படியாவது மிஞ்சும். வாசற்படி என்று எண்ணியதும் அந்த வாசற்படிக்கு உட்புறம் நினைவில் எழுந்தது. தலைவீட்டார் உண்டபின் அப்பா உண்பார். அப்பாவுக்குப் பின் அண்ணன்மார். அவர்களுக்குப் பின் இன்தக். அம்மா? அடுக்களையில் நின்றபடி, சட்டியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி, அவசர அவசரமாக விழுங்குவார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அம்மாவின் சோற்றில் ஆவி பறந்து அவன் கண்டதில்லை. மரியாதை என்று அழகாகப் பெயரிட்ட அந்த நீண்ட வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரு பெண் நின்றாள். அவளுக்கு வந்து சேரும்போது எல்லாமே ஆறியிருந்தது.

"அப்பா, நீங்க போய் உக்காருங்க" என்றான் இன்தக். "கேமராவை மறைக்கிறீங்க."

கிழவர் திகைத்துப்போய்ப் பின்வாங்கினார்.

கேமரா ஓடியது. துப்பறிவாளன் கொலைகாரனைப் பார்த்தான். கொலைகாரன், தன் குச்சி எழும்வரை உலகம் காத்திருக்கும் என்ற உறுதியோடு, குச்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். துப்பறிவாளன் நிதானமாகக் குச்சியைப் பிரித்தான். கிளறினான். வாயில் வைத்தான். முள்ளங்கியைக் கறுக்கென்று கடித்தான்.

இமைகள் தாழ்ந்தன. "நான் இன்னும் எடுக்கல."

பேசிவைத்த வசனம் அத்தோடு தீர்ந்தது. இன்தக் மென்றதை விழுங்கினான்.

"தெரியும். கடைசியா ஒரு பொண்ணைப் புதைச்சியே, அவ அன்னிக்கு வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு முடியட்டும்னு காத்திருந்தா. அவ பங்கு சோறு அடுப்பு மேலயே இருந்துச்சு. நாங்க போய்ப் பார்த்தப்பவும் இருந்துச்சு." இன்னொரு வாய் எடுத்தான். "இன்னிக்கு நீ காத்திரு."

விலங்கு மெல்லக் கலகலத்தது. தன்னை எல்லாரும் பார்ப்பதை மறந்தவனாய், சிறுபிள்ளை குறை சொல்வதுபோல் சான் முணுமுணுத்தான்:

"அவ எந்திரிக்கல. நான் அந்தப் பக்கமா போனேன்... எல்லாரும் எந்திரிச்சாங்க. அவ மட்டும் எந்திரிக்கல."

ஆறு கொலைகளின் காரணமும் அந்த ஒரு வரியில் வந்து மேசைமேல் கிடந்தது. இயக்குநர் "நிறுத்து" என்றார். பின் கைதட்டல்! விளக்குக்காரர் ஆப்பிளை மேலே வீசிப் பிடித்தார். சான் மேசையைச் சுற்றி ஓடிவந்து, விலங்கோடு சேர்த்து இன்தக்கைக் கட்டிப்பிடித்தான்.

"வேஷம் உன்னோடது" என்றார் இயக்குநர். "இனி எவன் வந்தாலும் உன்னோடது."

இன்தக் திரும்பினான். தகப்பனார் எதிரே நின்றார். அவர் கை எழுந்ததை அவன் பார்த்தான், இறங்கியதைப் பார்க்கவில்லை. பளார்! தோளிலிருந்து பிறந்து, இடுப்பின் முழு வலிமையையும் சேர்த்துக்கொண்டு, கன்னத்தின் நட்டநடுவில் வந்திறங்கிய அறை. காலையிலிருந்து ஒரு படையே தேடிக் களைத்த அந்த அறை!

"கேமரா!" என்று இயக்குநர் அலறினார். "ஐயோ, அணைச்சுட்டோமே!"

"சத்தம் மட்டும் விழுந்திருக்கு மேடம்!" என்று மூலையிலிருந்து ஒலிப்பதிவுக்காரர் கூவினார். "அருமையான சத்தம்!"

முதலில் சிரித்தவன் அடிபட்டவன்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, இன்தக் விழுந்து விழுந்து சிரித்தான். கிழவருக்கு அது மேலும் கோபத்தை மூட்டியது. கை மறுபடி எழுந்தது.

"யோங்மோ. கையை இறக்கு."

தாழ்ந்த குரல். கிழவரின் கை கயிறறுந்ததுபோல் விழுந்தது. சான் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பார்த்தியாண்ணே? மறுபடியும் வந்துட்டான் அந்தப் பையன்."

"படம் முடியற வரைக்கும் வெச்சுக்கோடா" என்றான் இன்தக். "முடிஞ்சதும் நானே வந்து கைது பண்றேன்."

'டா' என்ற சொல் கிழவரின் செவியில் ஈட்டியாய் இறங்கியது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடக்கலானார். சான் ஓடிப்போய் மறித்து, அவரை மேசைக்கே அழைத்து வந்து, ஆவி பறக்கும் கிண்ணத்தின் முன் உட்கார வைத்தான்.

"யோங்மோ... இல்லங்க, ஐயா. நீங்க எனக்கு அப்பா வயசு. மூணு பஸ் மாறி வந்திருக்கீங்க. முதல்ல நீங்க எடுங்க."

"முடியாது சித்தப்பா. உங்களுக்கு முன்னாடியா? செத்தாலும் முடியாது."

"அப்ப சித்தப்பாவாவே சொல்றேன். இது கட்டளை. சாப்பிடுங்க."

கிழவர் கிண்ணத்தைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். கட்டளையை மீறினால் முறை கெடும். கட்டளைக்குப் பணிந்தாலும் முறை கெடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சுவர்! குலத்தின் மூதாதையர் எவரும் இப்படியொரு வலையில் சிக்கியதாக அவர் கேள்விப்பட்டதில்லை. உதவி கோரி மகனைப் பார்த்தார். மகன் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் குச்சியை எடுத்தார், கண்களை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார். கூரை இடிந்து விழவில்லை. இன்னொரு வாய் உறிஞ்சினார்.

"சூடா இருக்கு" என்றார், வியப்போடு.

"அம்மாவையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்கப்பா" என்றான் இன்தக். "இப்படியே, சூடா வாங்கித் தர்றேன்."

கிழவர் குச்சியைக் கீழே வைக்காமல், குனிந்து அடுத்த வாய் உறிஞ்சினார்.

அப்போது வாசலில் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். பளபளக்கும் காலணி, படிய வாரிய முடி. தலைநகரத்து நட்சத்திரம் யாங். ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்தவர், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டே கிடங்கைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். சொல்லுங்க, நான் யாரை அறையணும்?"

கிடங்கே வெடித்துச் சிரித்தது. யாங்குக்கு ஒன்றும் புரியவில்லை. இன்தக் அங்கியின் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு, கடைசியாக மிஞ்சியிருந்த கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினான்.

"உக்காருங்கண்ணே. அறையற வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சு. நூடுல்ஸ் ஊறிடும், சாப்பிடுங்க."